தூங்க விடாத நீலக்கல்

ஈப்போவில் பஸ் வர நேரமிருப்பதால் நகைக்கடைக்குள் நுழைகிறேன். நீலக்கல் ராசிக்கு ஒத்துவருமா என்று பார்க்க, மூன்று நாள் இரவல் கொடுக்கிறார்கள். ஓர் அக்கா அப்படி வாங்கிப்போன மோதிரத்தைக் கடைக்காரரிடம் திருப்பித் தருகிறார்.

“ஆகல அண்ணே. தூக்கமே வரல.”

“இது நாலாவது கல்லு, அக்கா. எல்லாமே கல்யாண வீடு முடிஞ்சதும் ஆகாம போகுது. இனிமே தரமாட்டேன் லா.”

நான் ரத்தினப் பரிசோதனை படித்தவள். மோதிரத்தை வாங்கி லென்ஸில் பார்க்கிறேன். ஒன்று, நீலம் அடியில் மட்டுமே இருக்கிறது. இரண்டு, எடை குறையாதிருக்க அடியைத் தடிமனாக விட்டு வெட்டியிருக்கிறார்கள். மூன்று, உள்ளிருக்கும் மெல்லிய இழைகள் சூட்டில் கரைந்திருக்கின்றன.

“நிறம் கூட்ட உலையில் வைத்த கல்” என்கிறேன்.

கடைக்காரர் என்னை முறைக்கிறார். அக்கா முகம் மலர்கிறது.

“பாத்தீங்களா அண்ணே, நெருப்புல வெந்த கல்லு எப்படித் தூங்க விடும்? வேகாதது ஒன்னு குடுங்க. கொஞ்சம் வெளிர் நீலமா, சேலைக்குப் பொருந்துற மாதிரி.”