செண்பகம் டீச்சரும் செல் சவ்வும்

செண்பகம் போய்விட்டாள். காலையில் அவள் கணவர் போன் செய்தார்... எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

கோவில்பட்டியில் ஒரே ஸ்கூலில் வேலை பார்த்தோம். தொண்ணூறுகளின் கடைசி. அவள் தாவரவியல், நான் விலங்கியல். செல் சவ்வு இரண்டு புத்தகத்திலும் வரும். "நீ தவளையைப் பாரு, சவ்வை நான் பாத்துக்கிடுதேன்" என்று அந்தப் பாடத்தை வாங்கிக்கொள்வாள்.

கோடையில் லேப் குழாயில் காற்றுதான் வரும். வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவந்து, ரியோ செடியின் இலைத் தோலை உரித்து, உப்புக் கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைப்பாள். செல்லின் சுவர் அப்படியே நிற்கும், உள்ளே சவ்வு மட்டும் சுருங்கி விலகும். எல்லாப் பிள்ளைகளும் பார்த்து முடிக்கும்வரை பெல் அடித்தாலும் விடமாட்டாள்.

அடுத்த பீரியட் என்னுடையது. எத்தனை சண்டை...

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்றுப்போக்கு வந்தது. கணவர் வெளியூரில். கயத்தாறு பக்கம் எங்கள் ஊருக்கு பஸ்ஸே அபூர்வம். கொடுத்த தண்ணீரெல்லாம் அப்படியே வெளியே போனது. கண் குழிவிழுந்துவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை பிள்ளைக்கு.

நான் ஸ்கூலுக்கு வரவில்லை என்றதும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். நேரே அடுப்படிக்குப் போய், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் சீனியும் அளந்து கலக்கினாள்.

"ஏட்டி, வெறும் தண்ணி நிக்காது. சீனி கூட வந்தாத்தான் குடல் செல்லுச் சவ்வுல உப்புக்குக் கதவு திறக்கும். உப்பு உள்ள போனா தண்ணி பின்னாலயே போகும்."

எனக்கும் தெரிந்த பாடம்தான். அன்றைக்கு எதுவுமே மண்டையில் இல்லை.

அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கோவில்பட்டி வரும்வரை பிள்ளை அவள் மடியில்தான். வாந்தி எடுத்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஊட்டுவாள்... ஸ்பூன் ஸ்பூனாக. அவள் சேலையெல்லாம் நனைந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை வீறிட்டு அழுதது. நான் ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

பிறகு நான் மதுரைக்கு வந்துவிட்டேன். போனில்தான் பேச்சு. சில வருஷம் முன்னால் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். மெஷினில் ரத்தத்தை வடிகட்டுவதும் ஒரு சவ்வுதான். அதைப் பற்றிக் கேட்டேன்.

"அது உயிரில்லாத சவ்வு. சின்னதா இருந்தா விடும், பெருசா இருந்தா விடாது. அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும்."

போன மாதம் இனி டயாலிசிஸுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். நான் சொன்னால் கேட்பாள் என்று அவள் கணவர் கூப்பிட்டார். கோவில்பட்டிக்கு ரயிலில் போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சொன்னாள்.

"நீயும் ஆரம்பிச்சிராத. அலுத்துப் போச்சுட்டீ."

கை மெலிந்து, ஊசி போட்ட இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது.

நான் ஆரம்பிக்கவில்லை.

அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். அவள் கணவர் வாசல் வரை வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கோவில்பட்டி பஸ் இப்போது சாத்தூர் தாண்டிவிட்டது. இதை டைப் பண்ணிக்கொண்டே வருகிறேன்...

வந்துக்கிட்டு இருக்கேன் செண்பகம். நீ உறங்கு.