ஏழாவது திங்கட்கிழமைப் படம்

குழந்தைகளைப் படம் பிடிப்பதில் என் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆறு மாதக் குழந்தையை மெத்தையில் குப்புறப் போடுவான். அது தலையைத் தூக்கும் நொடியில், கேமராவுக்கு மேலே முகத்தை நீட்டி முப்பத்திரண்டு பல்லையும் காட்டுவான். எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் பொக்கை வாயைத் திறந்துவிடும். எங்கள் ஸ்டுடியோவே அந்தப் பல்லை நம்பித்தான் ஓடியது. எடுத்த படங்களைத் திருத்தி அச்சடிப்பது என் வேலை.

பிரஷர் மாத்திரை சாப்பிடத் தொடங்கி ஒரு வருடம் இருக்கும், அவனுக்கு ஈறு தடிக்க ஆரம்பித்தது. முதலில் பல்லிடுக்கில் சின்னச் சின்ன முடிச்சுகள். பிறகு புளித்த மாவு போலப் பொங்கி முன்பற்களில் பாதியை மூடிவிட்டது. பல் தேய்த்தால் ரத்தம். ஒருநாள் அவன் பல்லைக் காட்டியதும் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எவ்வளவு ஆட்டியும் அடங்காததால், தாய் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுக்க அண்ணன் வாயைக் கையால் மூடிக்கொண்டே படம் எடுத்தான்.

நான்தான் அவனைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"இந்த மாத்திரையால சில பேருக்கு ஈறு இப்படி வளரும். பிரஷர் பாக்குற டாக்டர்கிட்ட சொல்லி வேற மாத்திரை வாங்கிக்குங்க. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க, பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டுடும்," என்றார் அந்த டாக்டரம்மா.

அண்ணன் காதில் ஏறியது முதல் வரி மட்டும்தான். மறுநாளே மாத்திரை குப்பைக்கூடைக்குப் போனது.

"டாக்டர்கிட்ட போகலையா நீ?" என்று சண்டை பிடித்தேன்.

"போனா இன்னொண்ணு எழுதுவார். அது மூக்கை வளர்த்துவிடும். ஆளை விடு தாயே!"

திங்கட்கிழமை தோறும் கடை திறந்ததும் அதே நாற்காலி, அதே விளக்கு. 'ஈ' என்று இளித்துத் தன்னைத் தானே படம் எடுத்து, என் கணினியில் வரிசையாகச் சேர்த்தான். மூன்றாவது வாரம் வீக்கம் குறைந்தது. ஐந்தாவது வாரம் பல் பளிச்சென்று வெளியே வந்தது.

"பாத்தியா? இதைவிட என்ன ஆதாரம் வேணும் உனக்கு?"

ஈறு கண்ணுக்குத் தெரிந்தது. ரத்தக் கொதிப்பு தெரியவில்லை. காலையில் பிடரியைப் பிடித்துக்கொண்டு வருவான். கேட்டால் விளக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை என்பான். நான் அதை நம்பவில்லை. ஆனால் குழந்தைகள் மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள், நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

ஏழாவது திங்கட்கிழமை படம் திரைக்கு வந்தது. ஈறு முழுக்க இறங்கி, மாத்திரைக்கு முன்பு இருந்த நிலைக்கே திரும்பியிருந்தது. வலது பக்கம் பற்கள் எல்லாம் தெரிந்தன. இடது பக்கம் உதடு மேலே ஏறவே இல்லை.

"அண்ணா, ஒழுங்கா சிரி. இன்னொண்ணு எடு."

"சிரிச்சுக்கிட்டுதானே இருக்கேன்," என்றான். நாக்கு குழறியது.

திரும்பிப் பார்த்தேன். முகத்தின் ஒரு பாதி சிரித்துக்கொண்டிருந்தது. இடது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியதை அவன் கவனிக்கவே இல்லை.

வாசலுக்கு ஓடி, போகிற வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். உள்ளேயிருந்து அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"ஈறு... நல்லா இறங்கியிருக்கா?"