மே மாதத்துக்கு ஒத்திவைத்த யானை

அம்மாவின் கண் நரம்பு பழுதாகிக்கொண்டே வருகிறது, போன பார்வை திரும்பாது என்று செங்கல்பட்டு டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸில் வரும்போதே அம்மா சொன்னாள்: "சங்கிலி இல்லாத யானைய ஒருவாட்டி பாத்துடணும்டி." அதுவரை கோயில் யானையை மட்டுமே பார்த்தவள்.

நான் அப்போது மறைமலைநகரில், கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் திட்டமிடும் பிரிவில் இருந்தேன். அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் முதுமலைக்குப் பட்டியல் போட்டேன். வனத்துறை விடுதிக்குக் கடிதம், ரயில், சொட்டு மருந்துக்கு ஐஸ் போட்ட பிளாஸ்க், காட்டில் பளிச்சென்று தெரியாத புடவை. அப்பா வேலை பார்க்கும் அணு உலையில் பராமரிப்பு நடக்கும் நாட்களைச் சிவப்பில் எழுதினேன். அப்போது அவருக்கு லீவு கிடைக்காது.

"டிசம்பர்ல போலாமே," என்றாள் அம்மா.

"அப்போ காடெல்லாம் பச்சையா இருக்கும், யானை உள்ள போயிடும். மே மாசம்தான் தண்ணி தேடி ஆத்துக்கு வரும். அவ்ளோ தூரம் போய்ப் பாக்காம வர்றதா?"

"யானைக்கே ஷிப்ட் போட்டுட்டாடி ஒம் பொண்ணு," என்று அப்பா சிரித்தார்.

டிசம்பரில் ஒத்திகையாக வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போனோம். நான் நீட்டிய பைனாகுலரை வாங்காமலே அம்மா மரத்தைக் காட்டினாள். "அதோ, கூட்டுல ஒண்ணு ஒக்காந்துகினு கீது பாரு."

அன்றே ரயில் ஏறியிருக்கலாம். பட்டியலில் 'பார்வை: திருப்தி' என்று எழுதி மடித்து வைத்தேன்.

மே மாதம், சஃபாரி வேனில் ஏறும்போது அம்மா படியைக் காலால் துழாவினாள்.

"தெரியுதாம்மா?"

"எல்லாம் தெரியுது, நீ வாயேன்."

வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்தேன். என் மே மாதக் கணக்கு தப்பவில்லை. ஆற்றில் ஐந்து யானைகள், கூடவே ஒரு குட்டி. டிரைவர் இன்ஜினை அணைத்தார். வனக்காவலர் வாய் திறக்காமல் இடப்பக்கம் கை காட்டினார். வேனில் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னாடி, கம்முனு ஆயிட்டாங்க? யானையா?" அம்மா என் காதருகில் கேட்டாள்.

"யானைதாம்மா."

அவள் தன் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே வெறும் மூங்கில் புதர். அதைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

"யம்மாடி, எம்மாம் பெருசு! நீ சொன்ன மாதிரியே வந்துடுச்சே."

அவள் முகத்தை இந்தப் பக்கம் திருப்ப என் கை எழுந்தது. அதே கையால் அவள் முந்தானையைச் சரிசெய்தேன்.

"ஆமாம்மா," என்றேன்.