எட்டாயிரம் கல்லில் என்ஜின் ஆயில்

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தவை, வரிசைப்படி:

1. நான் காலை ஷிஃப்டுக்காகத் திருவொற்றியூரில் ரயிலேறி எண்ணூருக்குப் போய்விட்டேன்.
2. அப்பா சவரம் செய்துவிடச் சொன்னார். அண்ணன்தான் வீட்டில் இருந்தான்.
3. அவன் என் அலமாரியைத் திறந்து அப்பாவின் சவரக்கத்தியையும், என்னிடமிருந்த தீட்டுக்கற்களில் மிக நைசானதையும் எடுத்தான்.
4. கல்லின் மேல் என்ஜின் ஆயிலை ஊற்றிக் கத்தியைத் தீட்டினான்.
5. அந்தக் கத்தியால் அப்பாவுக்குச் சவரம் செய்து, தாடைக்குக் கீழே வெட்டினான்.
6. நான் திரும்பியபோது அப்பா கழுத்தில் துண்டை அழுத்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என் கல் சிங்க் ஓரத்தில் கறுத்துக் கிடந்தது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து வலது கை பலவீனமாகிவிட்டது. அதிலிருந்து அவருக்குச் சவரம் செய்துவிடுவது நான்தான். அவருடைய தாடி முடி சுருண்டு மறுபடியும் தோலுக்குள்ளேயே இறங்கும். கடையில் விற்கும் இரட்டை பிளேடு ரேசரால் வழித்தால் கழுத்தெல்லாம் கொப்புளம். அதனால் வேலையில் இருந்த காலத்திலிருந்தே மடக்குக் கத்திதான். அதிலும் கொஞ்சம் கொப்புளம் வரும், ஆனால் தாங்கும்படி இருக்கும். டிரிம்மர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். அது விட்டுவைக்கும் முள்முள்ளான முடியோடு அவர் தெருவில் இறங்க மாட்டார். கடற்கரைச் சாலை டீக்கடைவரை தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சவரம் இல்லையென்றால் நடை இல்லை. நடை இல்லையென்றால் கால் விறைத்துப்போகும். கத்தியின் கூர் எங்கள் வீட்டில் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் வெட்டுக் கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை செய்கிறேன். கூர்விளிம்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கல் வாங்கத்தான் தெரியவில்லை. வண்ணாரப்பேட்டை ஹார்ட்வேர் கடை அண்ணாச்சி இருபக்கச் சாம்பல் கல் ஒன்றை எடுத்துப் போட்டார். சவரக்கத்திக்கு என்றேன். "எல்லாக் கல்லும் ஒண்ணுதாம்மா. அரிவாமனை தீட்டலாம், சவரக்கத்தியும் தீட்டலாம். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?" என்றார். அந்தக் கல்லை விரலால் தடவினாலே மணல் உறுத்தியது. வாங்காமல் வந்தேன். பிறகு இணையத்தில் தேடி மூன்று கற்கள் வாங்கினேன். மூன்றும் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் செயற்கைக் கற்கள். விளிம்பில் பொக்கை விழுந்தால் மட்டும் ஆயிரம் எண் கல். ஆயிரம் போட்ட கோடுகளை அழிக்க நாலாயிரம். கடைசி மெருகுக்கு எட்டாயிரம். எண் ஏற ஏறத் துகள் நைசாகும். முகத்தைத் தொடும் விளிம்பைத் தீர்மானிப்பது கடைசிக் கல்தான்.

தீட்டுவதற்கு முன் கல்லைச் சமப்படுத்த வேண்டும். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, தடித்த கண்ணாடியின் மேல் விரித்த ஈர எமரித் தாளில் தேய்ப்பேன். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமம். நடுவில் ஒரு கோடு மிஞ்சினாலும் அங்கே குழி இருக்கிறது. பிறகு கத்தியைப் படுக்கவைக்க வேண்டும். முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லைத் தொட வேண்டும். கோணத்தை முதுகின் தடிமனே கொடுத்துவிடும், கைக்கு அதில் வேலை இல்லை. விளிம்பு முன்னே போகும்படி அழுத்தாமல் தள்ளி, முதுகின் மேல் புரட்டி, திரும்ப இழுக்க வேண்டும். முதுகைத் தூக்கினால் விளிம்பு மழுங்கிவிடும், மழுங்கிய கத்தி முடியை விட்டுத் தோலை வெட்டும். முடிவில் தோல் பட்டையில் முதுகு முன்னே போக உரச வேண்டும். இதை அண்ணனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவன் ஒருமுறையும் என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் கல்மண்டபம் பக்கம் ஒரு பட்டறையில் விசைப்படகு என்ஜின் பார்க்கிறவன். அங்கே இருக்கும் கற்கள் எல்லாம் எண்ணெய்க் கற்கள். காய்ந்த கல்லைக் கண்டால் பட்டறைக்காரர்கள் கை தானாக ஆயில் டப்பாவுக்குப் போகும். தண்ணீர்க் கல் எண்ணெயைக் குடித்தால் அதன் துளைகள் அடைத்துக்கொள்ளும், அதன் பிறகு அது இரும்பைத் தேய்க்காது, வழுக்கும்.

அன்று மாலை அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "முதுக தூக்கினு தீட்டினியா?"

"தூக்காம எப்டிமே தீட்டறது? பொழுதன்னிக்கும் கல்லுக்குத் தண்ணி காட்டினு கீற. அது இன்னா மாடா?"

"நைனா கழுத்துல ரத்தம் வந்துகீது."

"என் கையில செரைச்சா ரத்தம் வருது. உன் கையில செரைச்சா பால் வருமா?"

இனி என் அலமாரியைத் தொடாதே என்றேன். கத்தி நைனாவுடையது, என் சீதனம் இல்லை என்றான். பக்கவாதம் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகாதவன் சொத்துரிமை பேசினான். அதையும் சொன்னேன். சம்பளத்தோடு லீவு கிடைக்கிறவர்கள் பேசுகிற பேச்சு என்றான். நான் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் எரிந்தது என்று நினைக்கிறேன். கல்லை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டு, "இந்தா, கும்பிட்டுக்கோ" என்றான்.

அப்பா டிவியை அணைத்தார். எனக்குத்தான் சாதகமாகப் பேசுவார் என்று நம்பினேன். வெட்டு அவர் கழுத்தில்தானே இருந்தது.

"நீ செரைக்கிறப்ப ஸ்கேல் வச்சி அளக்கற மாரி கீது. நான் இன்னா, உன் கம்பெனி சரக்கா? அவன் செரைக்கிறப்ப சண்டைக்கு வர மாரி கீது. ரெண்டு பேரும் என் மூஞ்ச வுட்டுடுங்க."

கத்தியை வாங்கித் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

எட்டாயிரத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஊறவைத்தேன். எமரித் தாளில் மேல்தோலை உரித்தேன். ஒவ்வொருமுறையும் ஈரம் காய்ந்ததும் உள்ளிருந்து எண்ணெய் கசிந்து வந்தது. விட்டுவிட்டேன்.

அப்பா முள்தாடியோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். அவர் கால் விறைக்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான். யாரும் கத்தியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். பிறகு தாடி நீண்டது. நீண்ட முடி தோலுக்குள் திரும்பவில்லை. கொப்புளங்கள் வற்றின. முதல்முதலாக, கழுத்தைச் சொறியாமல் தூங்கினார். ஒரு நாள் காலையில் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். நண்பர்கள் சாமியார் என்று கூப்பிடுகிறார்களாம். அவரே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நிலைமை இதுதான். அப்பா தாடியோடு தினமும் நடக்கிறார், கால் பரவாயில்லை. புதிதாக வாங்கிய எட்டாயிரம் கல்லை நான் இன்னும் நனைக்கவில்லை. நானும் அண்ணனும் ஒரே வீட்டில் இருக்கிறோம், பேசுவதில்லை.