ஹெலிகாப்டரும் கிணற்றுப் பக்கெட்டும்

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, சரியாக நினைவில்லை. நல்ல சித்திரை வெயில். திருச்சுழி பக்கம் ஒரு புஞ்சைக் காட்டில், வற்றிப்போன கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். கிரேன் என்னுடையது. ஓட்டுவதும் நான்தான். அடியில் உடைத்த கல்லைப் பக்கெட்டில் அள்ளிப் போடுவார்கள், நான் மேலே இழுப்பேன்.

எனக்குக் கோபம் ஜாஸ்தி. கையும் அப்படித்தான். லோடோடு வரும் பக்கெட்டு ஆடினால், அதற்கு எதிர்ப்பக்கம் கிரேனை வெடுக்கென்று திருப்புவேன். ஆட்டம் இரண்டு மடங்காகும். பக்கெட்டு சுவரில் மோதும், கல் உதிரும். கீழே நின்றவர் என் மனைவியின் அண்ணன். அன்று ஒரு கல் அவர் தோளைப் பதம் பார்த்துவிட்டது.

"மாப்ள, நாளைக்கும் இப்பிடி ஆட்டுனீன்னா நான் வேற கிரேனுக்குப் போயிருவேன். எனக்கு ரெண்டு பொம்பளப்பிள்ள இருக்கு" என்றார்.

"போங்களேன், யாரு பிடிச்சு வச்சிருக்கா?" என்று கத்திவிட்டு, இரும்புக் கயிறு வாங்க அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அது தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தினேன்.

டவுனில் என் தங்கச்சி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தாள். அவளையும் கூட்டிப் போகலாம் என்று உள்ளே நுழைந்தால், வகுப்பு முடிந்து ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்! நிஜ ஹெலிகாப்டர் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே செய்த கம்ப்யூட்டர் விளையாட்டாம். பறக்கிறது சுலபமாம், ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்துவதுதான் கஷ்டமாம்.

"இதென்ன பெரிய வித்தை? தள்ளு" என்று உட்கார்ந்தேன். இடது பக்கம் சாய்ந்தது, அதை ஓட்டுகிற ஜாய்ஸ்டிக் குச்சியை வலது பக்கம் இழுத்தேன். வலது பக்கம் பாய்ந்தது, இடது பக்கம் இழுத்தேன். நாலாவது சாய்வில் தலைகுப்புற விழுந்து வெடித்தது. இப்படியே ஒன்பது தடவை. மேஜையை ஓங்கிக் குத்தினேன்.

"மேசைய ஏண்ணே அடிக்கிற? அதென்ன ஒன் மச்சானா, அதட்டுனா கேக்க?" என்று சிரித்தாள். "நீ சொன்ன ஒடனே அது கேக்காது. செத்த நேரம் கழிச்சுத்தான் கேக்கும். நீ அதுக்குள்ள பொறுக்காம இன்னும் இழுத்துடுற. துளியூண்டு அசை. அது திரும்ப ஆரம்பிக்கும்போதே கைய நேராக்கிரு."

பல்லைக் கடித்துக்கொண்டு துளி அசைத்தேன். காத்திருந்தேன். அந்த ஒரு நொடி சும்மா இருக்க எனக்கு வியர்த்துவிட்டது. ஹெலிகாப்டர் யோசித்து யோசித்துத் திரும்பியது. நின்றது! தங்கச்சி சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். இருபது வரை நின்றது. நான் போட்ட கூச்சலில் கீழே டீக்கடைக்காரர் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

மறுநாள் காலை, மச்சான் கிணற்றில் இறங்கினார். மூன்றாவது லோடு. பாதி உயரத்தில் பக்கெட்டு ஒரு பாறைத் துருத்தலில் மாட்டி, சட்டென்று விடுபட்டு, அதுவரை நான் பார்க்காத வீச்சில் ஆடியது. கீழே மச்சான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். என் கை எதிர்ப்பக்கம் துடித்தது. திருப்பவில்லை. பிரேக்கை மிதித்து, இழுப்பதை நிறுத்தினேன். ஹெலிகாப்டர் வேறு, பக்கெட்டு வேறுதான். ஆனால் இரண்டும் உடனே கேட்காது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பக்கெட்டு போன பக்கமே கிரேனைத் துளி நகர்த்தி, கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த வீச்சு பாதியானது. இன்னொரு துளி. பக்கெட்டு கிணற்றின் நடுவில் கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி நின்றது. ஒரு கல்கூட விழவில்லை.

கீழே இருந்து சத்தம் வந்தது.

"ஏ மாப்ள! மேல நீதான் இருக்கியா, இல்ல ஆளு மாத்திட்டியா?"

"நாந்தான். நீங்க வேற கிரேனுக்குப் போறீகளா, இல்லையா?"

"லோடத் தூக்குய்யா மொதல்ல!"

கத்தினேன், சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. கோபம் இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் கீழே ஓர் ஆள் நிற்கிறான் என்றால் அந்த முதல் நொடியில் என் கை அசையாது, ஏனென்றால் அப்படி ஒரு நொடி சும்மா இருந்ததால்தான் என் மச்சான் உயிரோடு இருந்து தன் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தார்.