காலடியில் உறுமிய சக்கரம்

என் மகன் சார்ஜாவுக்கு விமானம் ஏறிய நாளை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவன் முகம் இல்லை. செருப்பில்லாத என் உள்ளங்காலுக்குக் கீழே வண்டியின் தகரம் உறுமியதுதான் வருகிறது. அந்த உறுமலை மூன்று வாரமாக நான் அறிந்திருந்தேன். நல்லதற்கில்லை என்றும் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வரவில்லை.

குவைத்தில் சண்டை வந்த வருஷம் என் வீட்டுக்காரர் கட்டிய துணியோடு திரும்பி வந்தார். அங்கே லாரி ஓட்டியவர். வந்ததும் ஏதோ ஓர் ஏலத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டியை எடுத்தார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்த வண்டி அது. உருண்டை மூக்கு, ரெண்டு வட்டக் கண், பின்னால் திறந்த பெட்டி. திருப்பனந்தாள் பக்கத்து ஊர்களில் நாற்றுக்கட்டு, நெல் மூட்டை, வைக்கோல், கல்யாண வீட்டுப் பாத்திரம் எல்லாம் அதில்தான் போயின. கூட ஆள் வேண்டுமென்று இடப்பக்க சீட்டில் நான் உட்காருவேன். பேச மாட்டேன். பேசாமல் உட்கார்ந்திருப்பவளுக்குக் காலும் ஒரு காதுதான்.

ஒரு குறுவை அறுப்பில் வண்டிக்கு நடுக்கம் வந்தது. முள் நாற்பதைத் தொட்டால் ஸ்டியரிங் குளிர்காய்ச்சல் கண்டவன் கை மாதிரி ஆடும். நாற்பதைத் தாண்டினால் நடுக்கம் நின்றுவிடும். குறைத்தாலும் நிற்கும். கும்பகோணம் சாலையில் பட்டறை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனோம்.

"பிரேக் புடிச்சா ஆடுதாண்ணே?" என்று கேட்டார் பாய்.

"எப்பப் பாத்தாலும் ஆடுது."

"எப்பப் பாத்தாலும்னா வண்டி நிக்கும்போதுமா? கரெக்டா சொல்லுங்கண்ணே. வைத்தியர்கிட்ட பொய் சொல்ற மாதிரி மெக்கானிக்கிட்டயும் சொன்னா எப்புடி?"

பிரேக் பிடித்தால் ஆடாது, நாற்பதில் மட்டும்தான் ஆடும் என்று எனக்குத் தெரியும். ரெண்டு ஆம்பிளைகள் பேசும்போது நான் என்ன சொல்வது? கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் குனிந்து ஸ்டியரிங் கம்பிகளை முறுக்கினார், சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், கடைசியில் டயர் மாற்றிப் பார்க்கலாம் என்றார். நடுக்கம் எங்களோடு வீட்டுக்கு வந்தது.

மறுநாள் வாசல் பெருக்கும்போது குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முன் சக்கரத்தின் உள்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், வயல் களிமண் காய்ந்து இறுகிக் குளவிக்கூடு மாதிரி அப்பியிருந்தது. ஒரு பக்கம் மட்டும். ஒரு பக்கம் கனத்தால் ராட்டினம்கூட ஆடும் அல்லவா? களைக்கொத்தால் பெயர்த்தேன். முறம் நிறைய வந்தது.

அன்றைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அவர், "பாய்க்கு வராத வைத்தியம் உனக்கு வந்துருச்சே புள்ள. போர்டு எழுதி மாட்டிரலாமா?" என்று சிரித்தார். எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையில்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"வேலை முடிஞ்சதும் மாட்டக் குளுப்பாட்டுற மாதிரி இதையும் துறையில எறக்கிடுங்க. மண்ணு ஒட்டவே ஒட்டாது."

எங்கள் ஊர் வாய்க்காலில் மாடு இறங்கும் சரிவு ஒன்று உண்டு. அன்றிலிருந்து ஒவ்வொரு நடை முடிந்ததும் அவர் வண்டியை நேரே அங்கே விடுவார். முன் சக்கரம் நடு அச்சு வரை முங்கும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் 'சுர்' என்று ஒரு சத்தம் வரும். துணி துவைக்கிற பெண்கள், "ஒங்க வூட்டு மாடு பெருமூச்சு விடுதுக்கா" என்று கேலி பேசுவார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குள் மகனுக்கு விசா வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் வரும் வருஷம், வராத வருஷம் என்று ஆகிவிட்ட காலம். தெருவுக்கு நாலு பையன்கள் அரபு நாட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அப்பன் எந்தப் பக்கமிருந்து ஓடி வந்தானோ அந்தப் பக்கமே பிள்ளை போகிறான் என்று ஊரில் பேசினார்கள். குறித்த நாளில் அவன் போகாவிட்டால் அந்த வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

அப்போதுதான் காலடியில் உறுமல் ஆரம்பித்தது. இது பழைய நடுக்கம் இல்லை. நாற்பது, இருபது என்ற கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது. வண்டி நகர்ந்தாலே கேட்கும். வலப்பக்கம் வளையும்போது வண்டியின் கனம் என் பக்கச் சக்கரத்தின்மேல் சாயும். அப்போது பூனை அடிவயிற்றிலிருந்து உறுமுவது போலக் கூடும். இடப்பக்கம் வளைந்தால் அடங்கிவிடும்.

புறப்பாட்டுக்கு ரெண்டு நாள் முன்னால் சொல்லிப் பார்த்தேன். "ஏங்க, என் காலடியில ஒரு மாதிரியா உறுமுது."

"மண்ணு ஒட்டியிருக்கும். நீ சொன்ன வைத்தியம்தானே, சாயங்காலம் துறையில எறக்கிட்டாப் போச்சு."

இறக்கினார். சுர் என்றது. மறுநாளும் இறக்கினார். ஊருக்குப் போகிற வண்டி பளிச்சென்று இருக்க வேண்டுமே.

விடிந்தும் விடியாத நேரத்தில் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். மகன் எங்களுக்கு நடுவில். பின்பெட்டியில் ஜமக்காளம் விரித்து என் நாத்தனார், அவள் வீட்டுக்காரர், பங்காளிகள், குழந்தைகள் என்று ஒன்பது பேர். ஏறுமுன் நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை நாத்தனார் கவனித்துவிட்டாள்.

"அண்ணி, வருஷம் முன்னூத்தி அறுவது நாளும் பேசாம இருக்கீங்க. இன்னிக்கு நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயத் தொறந்து எதையாச்சும் சொல்லிராதீங்க. புள்ள போற பயணம்."

கிளம்பும்போது கெட்டதைச் சொல்லக்கூடாது, எங்கே என்று கேட்கக்கூடாது, போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. இதெல்லாம் எங்களுக்குப் பாலோடு ஊட்டியது. வண்டி சரியில்லை என்று சொல்லி, நின்றுபோய், விமானம் தவறினால் என் வாய்தான் தவறவைத்தது என்று ஆகும். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

கூட்டம் குறைவு, மெதுவாகப் போகலாம் என்று திருவையாற்றுக்கு மேல் ஆற்றங்கரைச் சாலையைப் பிடித்தார். கரைமேல் ரோடு. பக்கத்திலேயே காவேரி, நுரை கட்டிக்கொண்டு, கரைக்கு ஒரு முழம் கீழே கலங்கலாக ஓடியது. ஒரு வாழை மரம் வேரோடு மிதந்து எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது. வலப்பக்கம் ஒவ்வொரு வளைவிலும் காலடியில் உறுமியது. ஒரு வளைவில் உறுமல் மாறி, அரிசியோடு கல்லும் சேர்ந்து அரைபடுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. பின்னால் குழந்தைகள் பாட்டுப் பாடின.

"ஏம்மா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றான் மகன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான். நான் காலைத் தகரத்தில் இன்னும் அழுத்தினேன், அழுத்தினால் நின்றுவிடும் என்பது போல.

ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிக் கடைக்குப் போனார்கள். நான் வண்டியைச் சுற்றிப் போவது போல் போனேன். கருகிய எண்ணெய் வாசனை அடித்தது. கூப்பிட்டுச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. குனிந்து, சக்கரத்தின் நடுவில் வலது உள்ளங்கையை வைத்தேன்.

தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

கத்தவில்லை. கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போய் அவர் முன்னால் நின்று விரித்துக் காட்டினேன்.

"எதுலடி சுட்டுக்கிட்ட? பாய்லர்லயா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். சக்கரத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பாலைவனத்தில் லாரி ஓட்டியவருக்கு அதற்கு மேல் வார்த்தை வேண்டியிருக்கவில்லை. கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். அது சாய்ந்து டீ கொட்டியதைக்கூடக் கவனிக்காமல் ஜாக்கியை எடுக்க ஓடினார்.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார். ஆடும் பல் மாதிரி ஆடியது. நடுமூடியைத் தட்டி எடுத்ததும் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து செங்காவித் தண்ணீர் வடிந்தது.

"சகுனமே சரியில்ல," என்று ஆரம்பித்த நாத்தனார் என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

திருச்சிக்குப் போகும் பஸ் ஒன்று வந்தது. அவர் ரோட்டின் நடுவில் போய்க் கையை விரித்து நின்றார். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நிறுத்தினார். பெட்டியோடு மகனும், துணைக்கு நாத்தனார் வீட்டுக்காரரும் ஏறினார்கள். விழுந்து கும்பிட நேரமில்லை. திருநீறு என் இடுப்பில் மடித்தபடியே இருந்தது. பஸ் நகர்ந்ததும் எனக்கு அவன் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது. பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். படியில் நின்றவன் திரும்பிப் பார்த்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. புழுதி.

மற்றவர்கள் எதிர்ப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள், போகும் வழியில் பாய்க்குச் சொல்வதாக. நானும் அவரும் வண்டியோடு இருந்தோம். பிற்பகலில் மேகத்துக்கு மேலே விமானம் ஒன்று போகும் சத்தம் கேட்டது. ரெண்டு பேரும் நிமிர்ந்தோம். அவன் அதில் இருக்கிறானா, போய்ச் சேர்ந்தானா, அந்த பஸ் எந்த நிலையில் போனது என்று ஒன்றும் தெரியாது. ஆறு போய்க்கொண்டே இருந்தது.

பாய் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உள்ளேயிருந்து எடுத்த பேரிங்கைக் காகிதத்தில் கொட்டினார். உருளைகள் உடைந்து, துருப்பிடித்து, கருகிக் கிடந்தன.

"அடுத்த வளைவ நீங்க தாண்டியிருக்க மாட்டீங்கண்ணே. சக்கரம் தனியாப் போயிருக்கும், நீங்க தனியா ஆத்துக்குள்ள போயிருப்பீங்க." மோந்து பார்த்தார். "சூட்டோட தண்ணியில எறக்குனீங்களா? சூடா இருக்கறப்ப தண்ணிய உள்ள உறிஞ்சிக்கும். கிரீஸ் எல்லாம் போயிரும்."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் சொன்ன யோசனை என்று அவர் சொல்லப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. அது என்னைச் சுட்ட மாதிரி அந்தச் சக்கரம்கூடச் சுடவில்லை.

"நான்தான் பாய் எறக்கச் சொன்னேன்," என்றேன்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏங்க்கா, ஓடியாந்த மாட்ட வேர்வையோட தண்ணியில எறக்குவீங்களா?"

மாட்டோம். நிழலில் கட்டி, வேர்வை அடங்கி, வால் வீச ஆரம்பித்த பிறகுதான் இறக்குவோம். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

மூன்றாம் நாள் கடைத்தெரு போனுக்கு மகன் பேசினான். வந்து சேர்ந்துவிட்டேன், மணல் காற்றாக அடிக்கிறது என்றான். பிறகு, "கை ஆறிருச்சாம்மா?" என்று கேட்டான். ஆறிவிட்டது என்று பொய் சொன்னேன்.