இறாலுக்கு ஒரு மிடறு

ஒயின் கோப்பையின் வயிற்றை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டு நிற்கிறார் ஆம்ப்ரோஸ். தண்டைத்தான் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். இவர் மழையில் நனைந்து வந்தவன் டீ கிளாஸைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறார். “இப்பதான் ஃபிரிட்ஜிலேர்ந்து வந்துருக்கு. பேஜார்ல இருக்கும், பேசாது. கொஞ்சம் வுடு.” மூன்று நிமிடம். பிறகு மூக்கு. பிறகு சுவரில் எங்கோ பார்த்தபடி ஒரே ஒரு மிடறு.

ரிச்மண்ட் டவுனில் எங்கள் கடலுணவு உணவகம். ஒயின் பொறுப்பு அவர். மேசை முன்பதிவு நான். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கார்க் திருகியை ஷூ கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். ஒயினில் ஐஸ் கேட்கும் வாடிக்கையாளரிடம், “தனி கிளாஸ்ல ஐஸ் தரேன் சார், அத கையில வச்சுக்குங்க” என்பார். மதியச் சாப்பாட்டுக்குச் சோறும் அவித்த முட்டையும், பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றபடி.

“மீன் ஓட்டல்ல முட்ட திங்கற ஒரே ஆளு நீதான்யா” என்று சமையல்காரர் ஓஸ்வால்ட் சீண்டுவார்.

“மீனு உன் டிபார்ட்மெண்ட். நான் எதுக்கு வரணும்?”

இந்த வருடம் அவர் மனம் வைத்தது ஷார்டனே என்ற ஒரு வெள்ளை ஒயினில். நந்தி மலைப் பக்கம் ஒரே ஒரு தோட்டத்துத் திராட்சை. பக்கத்துத் தோட்டத்துப் பழம்கூடக் கலக்காதது. பாட்டிலின் பின்புறம் அன்னாசி, வெனிலா என்று அச்சிட்டிருக்கிறது. ஆம்ப்ரோஸ் அதைப் படிப்பதில்லை. “காத்தால அஞ்சு மணிக்கு ஐயங்கார் பேக்கரி ஷட்டர் தூக்கறப்ப ஒரு வாசன வரும் பாரு, அது. அதுக்கு அடியில பச்ச ஆப்பிள்.”

எந்த ஒயினுக்கு எந்த மீன் என்று பார்ப்பது மூன்றரை மணிக்கு, கூட்டம் போன பிறகு. மூலை மேசையில் தட்டை என் பக்கம் நகர்த்துவார். “தின்னு. தின்னுட்டு ஒரு வாய் குடி. குடிச்சிட்டு சொல்லு.” நான் தின்னும்போது தட்டைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். ஆறு மாதமாக ஒன்பது தட்டுகள். ஒன்பதுக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: “நல்லாயிருக்கு அங்கிள்.” எதிரில் ஒருவர் காத்திருக்கும்போது எனக்கு வேறு சொல் வராது.

போன வாரம் முதலாளி நீல் வந்து நின்றார். “சனிக்கிழமை பெரிய டின்னர் ஆம்ப்ரோஸ். பூண்டு வெண்ணெய் இறால். உங்க ஒயின் அதுக்கு நிக்கணும். இல்லாட்டி அடுத்த மாசத்துலேர்ந்து மேசைல ஒரு டேப்லட் வச்சு, அதுவே ஒயின சஜஸ்ட் பண்ணட்டும்.” டேப்லட் வந்தால் ஆம்ப்ரோஸ் இல்லை. நீல் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சனி மூன்றரை. இறாலைத் தின்றேன். ஒயினைக் குடித்தேன். வாயெல்லாம் எண்ணெய்ப் படலம். ஒயின் வெறும் புளிப்பாகத் தெரிந்தது.

“எப்டி?”

“நல்லாயிருக்கு அங்கிள்.”

என்னையே பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு இறாலை எடுத்து, மெதுவாக மென்று, ஒரு மிடறு குடித்தார்.

“நல்லால்லடா. வெண்ணெ மேல வெண்ணெ. ஒயின் செத்துப்போச்சு. வெண்ணெய பாதியா கொறச்சு, எலுமிச்சம்பழத் தோல துருவிப் போடச் சொல்லு.” கழுத்தைச் சொறிந்துகொண்டார். “வாய் கழுவிட்டு வரேன்.”

திரும்பி வரவில்லை. நான் ஓஸ்வால்டிடம் சொன்னேன். அன்று ராத்திரி அந்த ஷார்டனே பதினோரு பாட்டில்கள் தீர்ந்தன. நீல் டேப்லட் பேச்சை எடுக்கவில்லை.

அதைச் சொல்லத்தான் ஞாயிறு விவேக் நகரில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவருடைய மச்சினி சோஃபியா. ஆம்ப்ரோஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் இமை, உதடு எல்லாம் வீங்கி, கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு.

“கொறச்சானா?” என்றார்.

“கொறச்சாரு அங்கிள். நல்லா போச்சு.”

“நெசமா?”

“நெசமா.”

வாசல்வரை வந்த சோஃபியா குரலைத் தாழ்த்தினார். “கடல்ல வர்றது எதுவும் இவருக்கு ஆகாதுபா, சின்னதுலேர்ந்தே. தொண்ட அடச்சுக்கும். எங்கக்கா இருந்தவரைக்கும் இவரு ஓட்டல்லேர்ந்து தட்டும் பாட்டிலும் கொண்டாருவாரு. அவதான் தின்னு குடிச்சு பாப்பா.”

அக்கா பிரிஜெட், ஆம்ப்ரோஸின் மனைவி, போன வருடம் இறந்தவர். இருபத்திரண்டு வருடத்தில் பிரிஜெட் ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். மீனும் ஒயினும் சேர்ந்தால் இன்னொரு வாய் எடுப்பார். சேராவிட்டால் தட்டைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிடுவார்.